தொகுப்பிக்குள் நுழைந்த தமிழ்ப் பெயர்

மாணவர் பலர் இன்று பாடசாலையிலேயே கணினி நிரல் எழுதப் பயில்கின்றனர். எழுதிய நிரலைக் கணினி ஏற்று இயக்குவதையும், சிறு பிழை இருப்பின் வரி எண்ணைச் சுட்டிக்காட்டி மறுப்பதையும் அவர்கள் நாள்தோறும் காண்கின்றனர். ஆனால், ஏற்பதும் மறுப்பதும் யார் என்று கேட்போர் சிலரே. அப்பணியைச் செய்வது ‘கம்பைலர்’ எனப்படும் தொகுப்பி. அதுவும் மனிதர் எழுதிய ஒரு நிரலே. ஆகவே அதிலும் குறைகள் உண்டு. சில தொகுப்பிகளைப் பொறுத்தவரை, அக்குறைகளைத் திருத்தும் உரிமை உலகிலுள்ள எவருக்கும் உண்டு. அத்தகைய திருத்தம் எவ்வாறு செய்யப்படுகின்றது என்பதையும், அவ்வாறான ஒரு திருத்தத்தினால் தமிழ் எழுத்துக்கு விளைந்த நன்மையையும் இக்கட்டுரையில் எடுத்துரைக்க விழைகின்றோம்.

நால்வர் செய்யும் வேலை

கணினியின் மையச் செயலகம் அறிந்தவை எண்களாலான கட்டளைகள் மட்டுமே. மனிதர் படித்து விளங்கத்தக்க ‘சி’ போன்ற மொழியில் எழுதப்பட்ட நிரலை அக்கட்டளைகளாக மாற்றுவதற்கு ஒரு கருவி போதாது. முதலில் முன்செயலி என்னும் பகுதி, நிரலுக்குத் தேவையான பிற கோப்புகளைச் சேர்த்து ஒழுங்குபடுத்துகின்றது. அடுத்துத் தொகுப்பி, வாக்கிய அமைப்பை ஆராய்ந்து பொருளறிந்து, செயலகத்தின் மொழிக்கு மிக நெருங்கிய வடிவில் எழுதித் தருகின்றது. அதனை அசெம்பிளர் எண்களாக்குகின்றது. இறுதியில் லிங்கர், தனித்தனித் துண்டுகளை இணைத்து இயங்கக்கூடிய ஒரே நிரலாக்குகின்றது. ஒருவர் முடித்ததை அடுத்தவர் ஏற்றுத் தொடர்வதால் இந்நான்கையும் சேர்த்துக் கருவித் தொடர் என்கிறோம்.

இத்தொடரில் ஒரு கண்ணி பிழைத்தாலும் அதன் வழியாக உருவாகும் நிரல்கள் அனைத்தும் பிழைபடக்கூடும். தொகுப்பிகள் தவறே செய்யா என்று பலர் எண்ணுவதுண்டு. அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், தாமாகவே ‘சி’ நிரல்களை உருவாக்கும் கருவி ஒன்றைக் கொண்டு தொகுப்பிகளைச் சோதித்து, மூன்று ஆண்டுகளில் 325க்கும் மேற்பட்ட புதிய வழுக்களைக் கண்டறிந்ததாக 2011ஆம் ஆண்டில் வெளியிட்டனர். கருவி எத்துணைப் பெரிதாயினும் அதைக் கண்காணிக்கும் கண்கள் தேவை என்பதற்கு இதுவே சான்று.

பூட்டப்படாத பட்டறை

1983ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்னும் அமெரிக்க நிரலாளர் ‘குனூ’ என்ற திட்டத்தை அறிவித்தார். எவரும் பயன்படுத்தவும், உள்ளே என்ன இருக்கின்றது என்று படித்தறியவும், மாற்றவும், மாற்றியதைப் பிறருக்கு வழங்கவும் உரிமையுள்ள ஒரு முழுமையான இயங்குதளத்தை உருவாக்குவதே அவரது நோக்கம். அத்தகைய தளத்துக்குத் தொகுப்பி இன்றியமையாதது. 1987ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் குனூ ‘சி’ தொகுப்பி முதன்முதலில் வெளியாயிற்று. அதுவே ஜி.சி.சி. எனச் சுருக்கமாக அழைக்கப்படுவது. 1991ஆம் ஆண்டில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற பின்லாந்து மாணவர் லினக்ஸ் இயங்குதளத்தின் கருவை எழுதியபோது அதனைத் தொகுக்கப் பயன்பட்டதும் இதுவே.

இதன் மூலநிரல் ஒரு கோடி வரிகளைக் கடந்தது. அதனை எவரும் தம் கணினிக்குப் பெற்றுக்கொள்ளலாம். பட்டறையின் கதவு பூட்டப்படவில்லை. உளியும் சுத்தியலும் உள்ளேயே இருக்கின்றன. ஆயினும், கதவு திறந்திருப்பது வேறு. உள்ளே சென்று வேலை செய்வது வேறு. இவ்வேறுபாட்டைப் புலப்படுத்த எமது எழுத்தின் கதையையே எடுத்துக்கொள்வோம்.

ஒரு பெயரும் முப்பது குறிகளும்

நிரல் எழுதுவோர் எண்களையும் சொற்களையும் இட்டுவைப்பதற்குப் பெயரிட்ட இடங்களை அமைப்பர். வயது, உயரம், மதிப்பெண் என்று எப்பெயரும் இடலாம். ஆனால் நெடுங்காலமாக அப்பெயர்கள் ஆங்கில எழுத்துகளால் மட்டுமே அமைய வேண்டும் என்ற நிலை இருந்தது. மேற்கோள் குறிகளுக்குள் தமிழ் வாக்கியத்தை எழுதி அதைத் திரையில் தோன்றச் செய்யலாம். பெயராக மட்டும் தமிழ்ச் சொல்லை வைக்க இயலாது.

யூனிகோட் என்னும் உலகப் பொது எழுத்துக் குறிமுறை 1991ஆம் ஆண்டில் தன் முதற் பதிப்பிலேயே தமிழைச் சேர்த்துக்கொண்டது. 1999ஆம் ஆண்டில் வெளியான ‘சி’ மொழியின் பன்னாட்டுத் தர விதி, பெயர்களில் இடம்பெறத்தக்க எழுத்துகளின் பட்டியலில் தமிழ் உயிரெழுத்துகள், மெய்களுக்குரிய எழுத்துகள், உயிர்மெய்க் குறிகள், புள்ளி ஆகியவற்றைச் சேர்த்தது. ஆக, 1999இலேயே எமது எழுத்துக்கு அனுமதி கிடைத்துவிட்டது.

எனினும் அந்த அனுமதி ஒரு வளைந்த வழியாகவே கிடைத்தது. எழுத்தை எழுத்தாகவே உள்ளிடும் முறையை ஒவ்வொரு தொகுப்பியும் தானே வகுத்துக்கொள்ளுமாறு தர விதி விட்டுவிட்டது. எல்லோருக்கும் பொதுவாக அது தந்த வழி, எழுத்துக்குப் பதிலாக அதன் எண்ணைக் குறித்தல். ‘தமிழ்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். எமது கண்ணுக்கு அது மூன்று எழுத்து. யூனிகோட் முறையில் அது த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து உறுப்புகள் கொண்டது; அவற்றின் எண்கள் முறையே 2980, 2990, 3007, 2996, 3021. ஒவ்வோர் எண்ணையும் பதினாறடிமான முறையில் நான்கு இலக்கங்களாக எழுதி, முன்னால் ஒரு பின்சாய்வுக் கோட்டையும் ஓர் ஆங்கில எழுத்தையும் இட வேண்டும். ஆகவே உறுப்புக்கு ஆறு குறிகள். மூன்றெழுத்துச் சொல்லுக்கு முப்பது குறிகள்!

2015ஆம் ஆண்டில் வெளியான ஜி.சி.சி. 5ஆம் பதிப்பு இம்முப்பது குறிகளைத் தனி விருப்பத்தேர்வு ஏதுமின்றி ஏற்றுக்கொண்டது. ஆனால் ‘தமிழ்’ என்று நேராகவே எழுதினால், நிரலுக்குள் வழிதவறி வந்த குறிகள் என்று பிழைச் செய்திகளை அடுக்கடுக்காகக் காட்டியது. அனுமதி இருந்தும் எமது சொல் அங்கே அந்நியமாகவே நின்றது. தமிழ் மட்டுமன்று; அரபு, இந்தி, சீனம், ரஷ்ய மொழி ஆகியவற்றின் எழுத்துகளுக்கும் இதே நிலைதான்.

இக்குறையைத் தீர்க்கும் திருத்தம் ஒன்று 2019ஆம் ஆண்டில் எழுதப்பட்டு, பரிசீலிக்கப்பட்டு, ஏற்கப்பட்டது. 2020ஆம் ஆண்டு மே மாதத்தில் வெளியான 10ஆம் பதிப்பிலிருந்து, யூனிகோட் எழுத்துகளைப் பெயர்களில் நேரடியாகவே எழுதலாம். தர விதி இடமளித்ததற்கும் எழுத்து உள்ளே நுழைந்ததற்கும் இடையே இருபது ஆண்டுகளுக்கு மேல் கழிந்தன. அந்த இடைவெளியை நிரப்பியது புதிய சட்டமன்று. ஒருவர் எழுதிய திருத்தமும், அதைப் பிறர் பொறுமையாகச் சோதித்த உழைப்பும் ஆகும்.

ஒட்டு என்பது யாது?

அத்திருத்தத்தை ஆங்கிலத்தில் ‘பேட்ச்’ என்பர். கிழிந்த துணியின் மேல் இடும் ஒட்டைக் குறிக்கும் சொல் அது. ஒரு கோடி வரிகளையும் திரும்ப எழுதி அனுப்பாமல், மாறிய இடத்தை மட்டும் குறித்து அனுப்புவதே ஒட்டு. இரு கோப்புகளுக்கிடையேயுள்ள வேறுபாட்டைக் கண்டறியும் ‘டிஃப்’ என்ற கருவி 1970களில் பெல் ஆய்வுக்கூடத்தில் உருவாயிற்று. அவ்வேறுபாட்டைப் படித்து, பழைய கோப்பைத் தானே திருத்தும் ‘பேட்ச்’ என்ற நிரலை 1985ஆம் ஆண்டில் லாரி வால் வெளியிட்டார்.

ஒட்டின் அமைப்பு மிக எளியது. நீக்கப்படும் வரியின் முன்னால் கழித்தற் குறியும், சேர்க்கப்படும் வரியின் முன்னால் கூட்டற் குறியும் இருக்கும். மாறாத அயல் வரிகள் சில, இடத்தை அடையாளங்காட்டும் பொருட்டு உடன் நிற்கும். தமிழ்ப் பாடநூலின் ஒரு பக்கத்துக்கு ஒட்டு எழுதினால் இவ்வாறு அமையும்:

 வானம் இருண்டது.
− மழை பெய்தான்.
+ மழை பெய்தது.
 குளம் நிறைந்தது.

இதைக் காணும் எவரும், எங்கே எது ஏன் மாறியது என்பதை ஒரே பார்வையில் அறிந்துகொள்வர். திருத்தம் சிறிதாக இருக்க வேண்டும், ஓர் ஒட்டு ஒரு வேலையை மட்டும் செய்ய வேண்டும் என்று பராமரிப்பாளர் வலியுறுத்துவதன் காரணமும் இதுவே. எழுத்துப்பிழையையும் இலக்கணப் பிழையையும் பக்க அமைப்பையும் ஒரே ஒட்டில் கலந்து அனுப்பினால், ஆராய்பவருக்கு எது எதற்காக என்று விளங்காது.

மேற்கூறிய எழுத்துத் திருத்தமும் புதிதாக ஒரு மாளிகையைக் கட்டவில்லை. எந்தெந்த எழுத்து பெயரில் வரலாம் என்ற அட்டவணை தொகுப்பியினுள் ஏற்கெனவே இருந்தது. எண்ணாகக் குறித்த எழுத்தை அந்த அட்டவணையுடன் ஒப்பிடும் பகுதியும் இருந்தது. எழுத்தாகவே வரும் பைட்டுகளைப் படித்து, அதே அட்டவணையிடம் ஒப்படைக்கும் வழியே இல்லாதிருந்தது. அவ்வழியை அமைத்ததே திருத்தத்தின் சாரம். முன்னோர் செய்துவைத்ததை முதலில் படித்தறிந்தவருக்கே இவ்வாறு குறைந்த மாற்றத்தால் நிறைந்த பயன் தர இயலும்.

கடக்க வேண்டிய வாயில்கள்

பட்டறை திறந்திருக்கின்றதே என்று எவரும் எதையும் மாற்றிவிட முடியுமா என்று பெற்றோர் ஐயுறலாம். தம் கணினியில் உள்ள படியை எவரும் எப்படியும் மாற்றலாம். பொதுப் படியில் அம்மாற்றம் சேர வேண்டுமாயின் சில வாயில்களைக் கடந்தாக வேண்டும்.

முதலாவது, தொகுப்பி தன்னைத் தானே தொகுத்துக்காட்ட வேண்டும். பழைய தொகுப்பியைக் கொண்டு திருத்திய தொகுப்பியை உருவாக்குவர். அது முதற் படி. அம்முதற் படியைக் கொண்டு அதே மூலநிரலை மீண்டும் தொகுப்பர். அது இரண்டாம் படி. இரண்டாம் படியைக் கொண்டு மறுபடியும் தொகுத்து மூன்றாம் படியைப் பெறுவர். இரண்டாவதும் மூன்றாவதும் ஒரே மூலநிரலிலிருந்து ஒரே விதமாகச் செயற்படும் தொகுப்பிகளால் பிறந்தவை. ஆகவே அவற்றின் கோப்புகள் ஒத்திருத்தல் வேண்டும். வேறுபட்டால் எங்கோ பிழை ஒளிந்திருக்கின்றது என்பது பொருள்.

இரண்டாவது, சோதனைகள். கடந்த காலத்தில் கண்டறியப்பட்ட வழுக்களுக்காக எழுதிச் சேர்க்கப்பட்ட சிறு நிரல்கள் ஆயிரக்கணக்கில் தொகுப்பியுடனேயே உள்ளன. திருத்துவதற்கு முன்னும் பின்னும் அவற்றை இயக்கி, முன்பு தேறியது எதுவும் இப்போது தவறவில்லை என்று காட்ட வேண்டும். அத்துடன், தாம் திருத்திய குறைக்கும் புதிய சோதனை ஒன்றைச் சேர்க்க வேண்டும். நாளை வேறொருவர் அறியாமல் அக்குறையை மீண்டும் கொண்டுவந்தால், அச்சோதனை எச்சரிக்கும்.

மூன்றாவது, விளக்கமும் பரிசீலனையும். என்ன மாற்றினோம், ஏன் மாற்றினோம், எந்தக் கணினியில் சோதித்தோம் என்று தெளிவாக எழுத வேண்டும். அப்பகுதியை நன்கறிந்த பராமரிப்பாளர் வரி வரியாக ஆராய்வர். வினா எழுப்புவர், மாற்றி எழுதச் சொல்வர். இரண்டு வாரங்களாகியும் மறுமொழி வரவில்லையெனின் பணிவுடன் நினைவூட்டலாம். பரிசீலனை தாழ்வு அன்று. கட்டுரையை ஆசிரியர் சிவப்பு மையால் திருத்தித் தருவது போன்றதே அது.

நான்காவது, உரிமை. எழுதியது தம்முடையதே, அல்லது வழங்கும் உரிமை தமக்குண்டு என்று பங்களிப்பவர் உறுதி கூற வேண்டும். முன்னர் பதிப்புரிமையைக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளைக்கு எழுதித் தரும் பத்திரம் கேட்கப்பட்டது. 2021ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலிருந்து, திருத்தத்தின் மூலத்துக்குச் சான்று கூறிக் கையொப்ப வரி ஒன்றைச் சேர்த்தாலும் போதும் என்றாயிற்று.

ஒரே தோற்றம், இரு பெயர்

இத்துணைக் கண்டிப்பு எதற்கு என்பதை எமது எழுத்தே விளக்கும். ‘கொடி’ என்ற சொல்லில் உள்ள ‘கொ’வை யூனிகோட் முறையில் இரு விதமாக எழுதலாம். க என்ற எழுத்துடன் ஒகரக் குறியை ஒரே எண்ணாகச் சேர்க்கலாம். அல்லது எகரக் குறியையும் துணைக்காலையும் தனித்தனியாகச் சேர்க்கலாம். திரையில் இரண்டும் ஒன்றே. பைட்டுகளை மட்டும் ஒப்பிடும் தொகுப்பிக்கோ அவை இரு வேறு பெயர்கள். ஒரு மாணவி ஒரு விதமாகவும் அவளது தோழி மற்றொரு விதமாகவும் தட்டெழுதினால், இருவரும் சேர்ந்து எழுதிய நிரலில் பிழை எங்கே என்று கண்ணால் காணவே முடியாது. ஒருமைப்படுத்தப்பட்ட வடிவத்தில் இல்லாத பெயரைக் கண்டால் ஜி.சி.சி. இயல்பாகவே எச்சரிக்கை தருவது இதன் பொருட்டே.

‘க’ என்ற எழுத்தும் ‘௧’ என்ற தமிழ் எண் ஒன்றும் ஏறத்தாழ ஒரே தோற்றம் உடையவை. இவற்றை அந்த எச்சரிக்கை பிரித்துக் காட்டாது. அங்கே எழுதுபவரின் கவனமே காவல்.

ஒரு கதவைத் திறந்தால் அடுத்த அறையையும் ஒழுங்குபடுத்த வேண்டியிருக்கும். பிழை உள்ள இடத்தைத் தொகுப்பி ஓர் அம்புக்குறியால் சுட்டும். ‘தமிழ்’ என்ற சொல் யூ.டி.எஃப்.-8 முறையில் பதினைந்து பைட்டுகள் கொண்டது. பைட்டுக்கு ஓர் இடம் எனக் கணக்கிட்டால், அம்புக்குறி உரிய இடத்தை விட்டு வெகுதூரம் விலகி நிற்கும். ஆகவே திரையில் எழுத்து அடைக்கும் இடத்தைக் கொண்டு கணக்கிடும் திருத்தமும் இதனைத் தொடர்ந்து செய்யப்பட்டது.

கதவு குறுகியபோது

பரிசீலனை தேவை, ஆனால் அது தேக்கமாகிவிடவும் கூடாது. 1990களின் நடுப்பகுதியில் ஜி.சி.சி.க்கு வந்த திருத்தங்கள் பல ஏற்கப்படாமல் நெடுநாள் காத்துக்கிடந்தன. மனம் சலித்த நிரலாளர் சிலர் 1997ஆம் ஆண்டில் அதே மூலநிரலைக் கொண்டு ஈ.ஜி.சி.எஸ். என்ற தனிக் கிளையைத் தொடங்கி, திருத்தங்களை விரைந்து ஏற்று வளர்த்தனர். 1999ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் அக்கிளையே அதிகாரபூர்வமான ஜி.சி.சி. ஆக ஏற்றுக்கொள்ளப்பட்டது. பிரிந்தவர் கூடியதற்குக் காரணம், மூலநிரல் இரு தரப்பினர் கையிலும் இருந்தமையே. பூட்டிய பட்டறையாக இருந்திருப்பின் பிரியவும் வழியில்லை, கூடவும் வழியில்லை.

எங்கிருந்து தொடங்கலாம்?

முதல் நாளிலேயே தொகுப்பியின் உட்பகுதியைத் திருத்த எவரும் முனைவதில்லை. மூலநிரலைப் பெற்று, மாற்றம் எதுவும் செய்யாமல் அப்படியே தொகுத்துப் பார்ப்பது முதற் பாடம். பல கணினிகளில் அதற்கு மணிக்கணக்கான நேரம் எடுக்கும். அடுத்து, கையேட்டில் காணும் சிறு தவறுகளைத் திருத்தி அனுப்பலாம்.

வழுவைச் சுருக்கிக் காட்டுவதும் பெரும் பணியே. ஆயிரம் வரி நிரல் ஒன்று தொகுப்பியைத் தடுமாறச் செய்கின்றது என்று வைத்துக்கொள்வோம். பாதியை நீக்கிப் பாருங்கள். தடுமாற்றம் நீடித்தால் மீதியிலும் பாதியை நீக்குங்கள். நீடிக்காவிடின் நீக்கியதை மீளச் சேர்த்து மற்றப் பாதியை நீக்குங்கள். இவ்வாறு பத்து வரிக்குள் சுருக்கித் தருபவர், திருத்தம் எழுதுபவருக்குப் பாதி வேலையை முடித்துத் தந்தவராவார். இதற்குப் பட்டம் தேவையில்லை. பொறுமையும் ஒழுங்கும் போதும்.

பெற்றோர்க்கு ஒன்று கூறுவோம். 1990களில் ஓர் எழுத்துருவில் தட்டெழுதிய தமிழ்க் கடிதம் மற்றொரு கணினியில் பொருளற்ற குறிகளாகத் தோன்றியதை உங்களுள் பலர் அறிவீர்கள். அந்நிலை தானாக மாறவில்லை. ‘ஒ’கரமும் ‘ஓ’காரமும் வேறு என்பதையும், ‘கொ’ என்ற எழுத்துக்குள் என்ன நிகழ்கின்றது என்பதையும் அறிந்தவர் பட்டறைக்குள் இருந்தால்தான், அங்கே எழும் வினாக்களுக்குச் சரியான விடை கிடைக்கும். நிரல் மட்டும் அறிந்தவருக்கு அவ்வினா தோன்றாது. தமிழ் மட்டும் அறிந்தவருக்கு அவ்விடையை எழுதத் தெரியாது. வாரநாளில் நிரலையும் வார இறுதியில் தமிழையும் பயிலும் பிள்ளைகளிடம் இவ்விரு அறிவும் சேர்ந்து வளர்கின்றன.

மாணவச் செல்வங்களே! இன்று வீடு சென்றதும், 10ஆம் பதிப்போ அதற்குப் பிந்தியதோ ஆன ஜி.சி.சி. உங்கள் கணினியில் இருந்தால், ‘வயது’ என்று ஒரு பெயரிட்டு அதில் உங்கள் வயதை இட்டு, ஐந்து வரியில் ஒரு ‘சி’ நிரல் எழுதிப் பாருங்கள். அது மறுப்பின்றி இயங்கும். இயங்காத ஒன்றை வேறெங்கேனும் காணும்போது, அதைக் குறித்துவையுங்கள், சுருக்கிக் காட்டுங்கள், காரணம் தேடிப் படியுங்கள். திருத்தம் எழுதும் நாளும் வரும்.